முப்படையில் எந்தப் படை? தேர்வர்களுக்கான முக்கியக் குறிப்புகள்

விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்பும்போதுதான் தரைப்படையா, கடற்படையா, விமானப்படையா என்று பலரும் யோசிக்கத் தொடங்குகிறார்கள். உண்மையில் பாதி முடிவு பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுத்த அன்றே ஆகிவிடுகிறது. கண்பார்வையும் உயரமும் இன்னொரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஆசையைப் பிறகு பார்க்கலாம்; முதலில் தகுதியைப் பாருங்கள்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு

• தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.) புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ளது. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு 2 முறை தேர்வு நடத்துகிறது. கணிதம் 300, பொதுத்திறன் 600, எஸ்.எஸ்.பி. நேர்காணல் 900 என மொத்தம் 1,800 மதிப்பெண். தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும்.

• தரைப்படைப் பிரிவுக்கு எந்தக் குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். கடற்படை, விமானப்படைப் பிரிவுகளுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். காமர்ஸ் குரூப்பில் படித்தவருக்கும், கணிதம் எடுக்காமல் தாவரவியல், விலங்கியல் படித்தவருக்கும் என்.டி.ஏ.வில் தரைப்படை மட்டுமே. அவர்களும் அதே 300 மதிப்பெண் கணிதத் தாளைத்தான் எழுத வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டிப் பயிற்சி மையத்தில் சேர்ந்துவிட்டுத் திணறுபவர்கள் ஏராளம்.

• என்.டி.ஏ.வில் 3 ஆண்டுகள் முடிந்தபின் போகுமிடம்: தரைப்படைக்கு டேராடூன், கடற்படைக்குக் கேரளத்தின் எழிமலை, விமானப்படைக்கு ஹைதராபாத் அருகே துண்டிகல். பொருத்துக வினாவுக்குத் தோதான பகுதி.

• 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டபின் பெண்களுக்கு என்.டி.ஏ. திறந்தது. 2022இல் முதல் அணி சேர்ந்தது. 2025 மே மாதம் 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள்.

பட்டதாரிகளுக்கு

• சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வையும் யு.பி.எஸ்.சி.தான் நடத்துகிறது. டேராடூன் அகாடமிக்கு எந்தப் பட்டமும் போதும். எழிமலைக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். துண்டிகலுக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்த பட்டதாரி அல்லது பொறியியல் பட்டதாரி.

• கணிதம் என்றாலே ஒதுங்குபவரா? சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு (ஓ.டி.ஏ.) ஆங்கிலம், பொது அறிவு என 2 தாள்கள் மட்டும், கணிதத் தாளே இல்லை. இங்கிருந்து கிடைப்பது குறுகியகாலப் பணி: 10 ஆண்டுகள், விரும்பினால் மேலும் 4. பெண் அதிகாரிகள் 1992 முதல் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். கலைப் பிரிவுப் பட்டதாரிகள் இந்த வழியைக் கண்டுகொள்ளாமல் விடுவது எனக்குப் புரியவே இல்லை.

• விமானப்படை தனியாக நடத்தும் தேர்வு ஆஃப்கேட்: 100 வினாக்கள், 300 மதிப்பெண், தவறுக்கு 1 மதிப்பெண் கழியும். பறக்கும் பிரிவு மட்டுமன்றி, தரைப்பணியில் தொழில்நுட்பம், நிர்வாகம், கணக்கு போன்ற பிரிவுகளுக்கும் இதுவே வழி.

• விமானியாக விரும்புவோர் அடிக்கோடிட வேண்டியது: கணினி வழி விமானித் தேர்வில் ஒருமுறை தோற்றால் வாழ்நாளில் மறுவாய்ப்பு கிடையாது. குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. நிறப்பார்வைக் குறை இருந்தால் பறக்கும் பிரிவு இல்லை. எனவே விருப்ப வரிசையில் விமானப்படையை முதலில் எழுதும் முன் ஒரு கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அக்னிவீர்

• 2022 ஜூன் 14இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் பணிக்காலம் 4 ஆண்டுகள். அதிகபட்சம் 25 சதவீதத்தினர் மட்டுமே தொடரலாம். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000 ரூபாய். இதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடிக்கப்படும். அரசும் அதே அளவு போடும். ஓய்வூதியமோ பணிக்கொடையோ இல்லை. எந்தப் படை என்பதைவிட, 4 ஆண்டுக்குப் பின் என்ன என்ற கேள்வியே இங்கு பெரிது. தொழில்நுட்பம் கற்றுத்தரும் பிரிவாகப் பார்த்துச் சேர்வது புத்திசாலித்தனம் என்பேன்.

சம்பளமும் வாழ்க்கையும்

• தொடக்க நிலை அதிகாரிக்கு மூன்று படையிலும் ஒரே அடிப்படைச் சம்பளம்: நிலை 10, 56,100 ரூபாய். அதோடு ராணுவப் பணி ஊதியம் 15,500 ரூபாய். வித்தியாசம் படிகளில்தான். 7ஆவது ஊதியக்குழுவை ஒட்டி அதிகாரிகளுக்கு நிர்ணயித்தபடி விமானிக்கும் நீர்மூழ்கிக் கப்பல் பணிக்கும் 25,000 ரூபாய், சியாச்சினுக்கு 42,500 ரூபாய். சியாச்சின் படியைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் அங்குள்ள குளிரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

• தரைப்படையில் எல்லைப் பணியும் அமைதி நிலையப் பணியும் மாறி மாறி வரும். எல்லையில் பெரும்பாலும் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாது. கடற்படையில் கப்பல் புறப்பட்டுவிட்டால் வீட்டுத் தொடர்பு அரிது. விமானப்படையினர் பெரும்பாலும் விமானத் தளத்திலேயே குடியிருப்பார்கள். பிள்ளைகள் படிப்புக்கு அது வசதி.

தமிழ்நாட்டில் எங்கே, எது?

• தரைப்படை: குன்னூர் அருகே வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் மையம். 1758இல் தோன்றிய படைப்பிரிவு. முப்படை அதிகாரிகளும் படிக்கும் பணியாளர் கல்லூரியும் அங்கேதான்.

• கடற்படை: அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி, உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நீரில் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ் அலைவரிசையில் செய்தி அனுப்பும் நிலையம் அது.

• விமானப்படை: சூலூரில் தேஜஸ் அணி, தஞ்சாவூரில் 2020 ஜனவரி முதல் சுகோய் 30 அணி, தாம்பரத்தில் பறத்தல் பயிற்றுநர்களுக்கான பள்ளி.

தவறவிடும் வினாக்கள்

• தரைப்படைக் கேப்டனும் கடற்படைக் கேப்டனும் சமமல்ல. கடற்படைக் கேப்டன், தரைப்படையின் கர்னலுக்கும் விமானப்படையின் குரூப் கேப்டனுக்கும் இணை. தரைப்படைக் கேப்டனுக்கு இணையானவர் கடற்படையில் லெப்டினன்ட், விமானப்படையில் ஃபிளைட் லெப்டினன்ட்.

• கட்டளையகங்கள்: தரைப்படை 7, விமானப்படை 7, கடற்படை 3. அந்தமான் நிக்கோபார் கட்டளையகம் (2001) முப்படைக்கும் பொது.

• எல்லைப் பாதுகாப்புப் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும் முப்படைகளில் ஒன்றல்ல. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. அதிகாரிகளை உதவி கமாண்டன்ட் பதவிக்கும், மற்றவர்களை நாவிக், யாந்த்ரிக் பதவிகளுக்கும் அதுவே தனித் தேர்வு வைத்து எடுக்கிறது. முப்படைத் தேர்வுகளோடு இதற்கும் விண்ணப்பிக்கத் தடையில்லை.