பட்ட பாடும் பாடிய பாட்டும்: ஒரு சொல்லிசைத் தொகுப்பு கற்பிக்கும் பாடம்

தமிழ்ப்பள்ளியில் என்னோடு பயின்ற நண்பன் ஒருவன் சென்ற ஆண்டு தன் சேமிப்பைப் போட்டுச் சொல்லிசைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டான். அதற்கு நான் இரண்டு பக்கத்தில் மதிப்புரை எழுதினேன். அதில் ஒன்றரைப் பக்கம் அவன் பட்ட பாட்டைப் பற்றியது. படித்துவிட்டு, "பாட்டு எப்படி இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே" என்றான். திறனாய்வு என்பது எதை அளக்க வேண்டும் என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் எழுந்தது. அதற்கு விடை காண, அமெரிக்கக் கலைஞர் ஒருவரின் தொகுப்பு பெற்ற வரவேற்பை இங்கே ஆராய்வோம்.

பின்னணி

சிகாகோவைச் சேர்ந்த சான்ஸ் த ரேப்பர், பெரிய இசை நிறுவனம் எதனோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளாமலே புகழ் பெற்றவர். 2013இல் 'ஆசிட் ரேப்' தொகுப்பை இலவசமாகவே வெளியிட்டார். 2016இல் வந்த 'கலரிங் புக்' இறுவட்டாக விற்கப்படவில்லை. இணைய ஒலிபரப்பில் மட்டுமே கிடைத்தது. அப்படியிருந்தும் 2017இல் சிறந்த ரேப் தொகுப்பு உட்பட மூன்று கிராமி விருதுகள் அவருக்குக் கிடைத்தன. 'கலரிங் புக்'கை முதல் இரண்டு வாரம் தன்னிடம் மட்டுமே வைத்திருக்க ஆப்பிள் நிறுவனம் ஐந்து இலட்சம் டாலர் கொடுத்ததாக அவரே பின்னர் தெரிவித்தார். ஆகவே, சுயேச்சைக் கலைஞர் என்றால் வணிகத் தொடர்பே அற்றவர் என்று பொருள் கொள்வதற்கில்லை.

வரவேற்பு

அவருடைய முதல் ஸ்டூடியோ ஆல்பமான 'தி பிக் டே' 2019 ஜூலை 26ஆம் நாள் வெளிவந்தது. இதுவும் சுயேச்சை வெளியீடுதான். அவ்வாண்டு மார்ச்சில் நடந்த அவரது திருமணமே இதன் மையப்பொருள். மொத்தம் 22 பகுதிகள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும். பில்போர்டு 200 பட்டியலில் இரண்டாம் இடம் வரை சென்றது.

திறனாய்வாளர்களின் கருத்துகளோ பிளவுபட்டன. அதன் மகிழ்ச்சியையும் தேவாலய இசைச் சாயலையும் சிலர் பாராட்டினர். தேவைக்கு மீறிய நீளம், சொன்னதையே சொல்லுதல், முன்பிருந்த சொற்கூர்மை குறைந்தமை ஆகியவற்றைப் பலர் குறையாகச் சுட்டினர். யூடியூப் விமர்சகர் ஆண்டனி ஃபன்டானோ பத்துக்குப் பூஜ்ஜியம் கொடுத்தார். இணையத்தில் பலர், 'மனைவியை நேசிக்கிறேன் என்பதைத் தவிர இவருக்கு வேறு பேச்சில்லை' என்று கேலி செய்தனர்.

நாம் அறிவது

2016இலும் 2019இலும் அவர் சுயேச்சைக் கலைஞரே. ஒன்று விருது பெற்றது. மற்றொன்று ஏமாற்றம் தந்தது. எனவே, ஒரு படைப்பு எவ்வழியில் வெளிவந்தது என்பதை மட்டும் கொண்டு அதன் தரத்தைச் சொல்ல முடியாது. 'வெட்டிச் சுருக்கச் சொல்ல நிறுவனம் இல்லாததால்தான் நீண்டுவிட்டது' என்று வாதிடலாம். ஆனால், பெரிய நிறுவனங்கள் வெளியிடும் தொகுப்புகளும் நீளமாக வருகின்றனவே!

'22 பகுதிகளில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது' என்பது திறனாய்வு. அதைக் கேட்டுச் சரிபார்க்கலாம், மறுக்கலாம். 'இவருக்கு மனைவிப் பித்து' என்பது ஆளைப் பற்றிய பேச்சு. அதை வைத்துக்கொண்டு பாட்டைப் பற்றி எதுவும் அறிய முடியாது. இதை எழுதும்போதே எனக்கு உறைத்தது: 'பாவம், சொந்தக் காசு போட்டான்' என்ற என் பாராட்டும் ஆளைப் பற்றியதுதானே? கேலியும் பரிவும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், இரண்டுமே பாட்டைக் கேட்காமல் விட்டுவிடுகின்றன.

மதிப்புரையைத் திருத்தி எழுதினேன். மூன்றாம் பாட்டில் எதுகை தாளத்தோடு பொருந்திய இடத்தைக் குறித்தேன். ஐந்தாம் பாட்டில் இசை சொற்களை மூழ்கடிப்பதையும் குறித்தேன். நண்பன் ஐந்தாம் பாட்டுக்காக அரைமணி நேரம் என்னோடு வாதாடினான். முதல் மதிப்புரைக்கு அவன் வாதாடவே இல்லை. நம்மவர் படைப்புக்கு மதிப்புரை எழுத முன்வரும் நண்பர்கள், படைத்தவர் மறுத்துப் பேசும்படியான ஒரு வரியையாவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.