பவர் டில்லரில் சரக்கு ஏற்றும் வணிகர்களுக்கு

மளிகைக் கடைக்கும் பவர் டில்லருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். டெல்டா ஊர்களில் நம்மில் பலருக்கு நிலமும் உண்டு, டில்லரும் உண்டு. உழவு முடிந்ததும் அதிலேயே டிரெய்லரை மாட்டி, ரைஸ் மில்லிலிருந்து அரிசி ஏற்றி வருகிறோம். லாரி வாடகை மிச்சம். ஆனால் வயலில் ஓட்டத் தெரிந்தவருக்கு ரோட்டிலும் ஓட்டத் தெரியும் என்று நினைப்பது தவறு. நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

2011-ல் எங்கள் மண்டிக்கு 40 சிப்பம் அரிசி வந்துகொண்டிருந்தது. ஆற்றுப்பாலம் தாண்டி இறக்கம். எதிரே ஒரு சைக்கிள். ஓட்டி வந்த தம்பி இடப்பக்கம் ஒதுங்க, வழக்கம்போல் இடது சைடு கிளட்சைப் பிடித்தார். வண்டியோ வலப்பக்கம் திரும்பியது! சைக்கிள்காரர் குதித்துத் தப்பினார். டிரெய்லர் கவிழ்ந்தது. பாதி அரிசி வாய்க்காலில். தம்பிக்குக் கை முறிந்தது. அவரைத்தான் திட்டினோம். மெக்கானிக் விளக்கிய பிறகே, சொல்லிக்கொடுக்காத குற்றம் நம்முடையது என்று புரிந்தது.

காரணம் இதுதான். சமதரையில் இடது கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு எஞ்சின் விசை நின்றுவிடும். வலது சக்கரம் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுவதில்லை, பிடித்து நிறுத்துகிறது. அப்போது இடது கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரம் கட்டவிழ்ந்து வேகமாக உருளும். வண்டி வலப்பக்கம் போகும். பின்னாலிருக்கும் சரக்கும் தள்ளும்.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாற்றுங்கள். நியூட்ரல் கூடாது. சைடு கிளட்சைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள். வேகத்தை டிரெய்லரின் கால் பிரேக்கால் அடக்குங்கள். பிரேக்கைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. ரோட்டரியைக் கழற்றி டிரெய்லர் மாட்டும்போது எஞ்சினை நிறுத்துங்கள். இணைப்புப் பின்னுக்குப் பூட்டு ஊசி போட மறவாதீர்கள். கயிறும் கம்பியும் அதற்கு ஈடாகா.

3. ரோட்டரிக் கத்தியில் சிக்கிய புல்லை எஞ்சின் ஓடும்போது எடுக்கவே கூடாது. ரிவர்ஸ் எடுக்குமுன் ரோட்டரியை நிறுத்துங்கள்.

4. சேற்றுக்கான இரும்புச் சக்கரத்தோடு ரோட்டில் ஏறக்கூடாது. டயர் மாட்டியே வாருங்கள்.

5. டில்லரையே லாரியில் ஏற்றினால், ரோட்டரியோடு அது நல்ல கனம் இருக்கும். பலகை உறுதியாகவும், லாரித் தளத்தின் உயரத்தைப்போல் நான்கு மடங்கு நீளமாகவும் இருக்கட்டும். ஏற்றுவது முன்கியரில், இறக்குவது ரிவர்ஸில். இரண்டும் மிகக் குறைந்த வேகத்தில். பலகையில் இருக்கும்போது எந்தக் கிளட்சையும் பிடிக்கக்கூடாது. ஏற்றியபின் டீசல் குழாயை மூடி, நாற்புறமும் கட்டுங்கள்.

6. மூட்டைமேல் ஆள் ஏற்றாதீர்கள்.

வாய்க்காலில் போன அரிசிக்குக் கணக்கு எழுதிவிட்டோம். அந்தத் தம்பி மறுபடி மூட்டை தூக்க நான்கு மாதம் ஆனது. இன்று உங்கள் கடைக்கு டில்லர் ஓட்டி வருபவரைக் கூப்பிட்டு, முதல் விதியை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.