டவர் ஸ்பீக்கருக்கு முன் ஓம் கணக்கு

அனந்தசரஸ் குளத்துத் தெப்பம் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர், "லேப்டாப் பாட்டைப் படகில் டவர் ஸ்பீக்கரில் கேட்கலாமா, தம்பி?" என்று என்னிடம் கேட்டார். தாராளமாகக் கேட்கலாம்.

லேப்டாப்பின் ஹெட்போன் சாக்கெட்டை ஆம்ப்ளிபயரின் ஆக்ஸ் சாக்கெட்டுடன் கேபிளால் இணையுங்கள்.

ஒரே சேனலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பேரலலாகக் கொடுத்தால் 4 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிபயரின் பின்புறம் 'குறைந்தது 8 ஓம்' என்றிருந்தால் அது சூடாகி எரியலாம். சீரிஸில் 16 ஓம். ஒலி குறையும், ஆபத்தில்லை.

சேனலுக்கு ஒரு ஸ்பீக்கர் என்றால் சிவப்பைச் சிவப்புடனும் கறுப்பைக் கறுப்புடனும் சேருங்கள். ஒன்றில் மட்டும் மாறினால் பாஸ் ஒலி குன்றிவிடும்.

12 வோல்ட் பேட்டரியில் 120 வாட் எடுத்தால் 10 ஆம்பியர் ஓடும். தடித்த வயரும், பேட்டரியின் ப்ளஸ் முனையருகே பியூஸும் கட்டாயம். நடுத்தண்ணீரில் தீப்பிடித்தால் இறங்கி ஓட இடமில்லை!