உண்ட சோறும் கண்ட மெய்யும்

நுழையும்முன்

பிறர் செலவில் செல்லும் பயணம் இனியது. அதைப் பற்றி எழுதுவது அரியது. விருந்தளித்தவரைப் பாராட்ட வேண்டும் என்னும் நன்றியுணர்வு ஒருபுறம். கண்டதைக் கண்டவாறே கூற வேண்டும் என்னும் கடமை மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையில் நின்ற ஓர் ஆசிரியரின் வான்பயண அனுபவத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அழைப்பு

வானூர்தி நிறுவனம் ஒன்று, தன் பணிகளை ஆசிரியர்கள் நேரில் கண்டு மாணவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என விரும்பியது. எங்கள் குழுவில் பன்னிருவர் இருந்தோம். சென்னையிலிருந்து தில்லிக்குச் சென்று திரும்பும் பயணம், ஓரிரவுத் தங்கல், பொதுமக்கள் நுழைய இயலாத பராமரிப்புக் கூடத்தையும் சமையற்கூடத்தையும் சுற்றிப்பார்க்கும் வாய்ப்பு ஆகிய அனைத்தும் அந்நிறுவனத்தின் செலவு. கைம்மாறாக அவர்கள் கேட்டது ஒன்றே: "பார்த்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுங்கள்." ஐம்பது வயதைக் கடந்தும் வானூர்தியில் ஏறியிராத எனக்கு, அழைப்பு வந்த நாள்முதல் உறக்கம் பிடிக்கவில்லை.

வானில் ஒரு விருந்து

சன்னலோர இருக்கை கிடைத்தது. ஓடுபாதையில் விரைந்த ஊர்தி தரையைவிட்டு எழுந்த கணத்தில் வயிற்றுக்குள் ஓர் ஊஞ்சல் ஆடியது. பறங்கிமலை கூழாங்கல்லாகச் சுருங்கியது. வகுப்பறை நிலப்படத்தில் ஆண்டுதோறும் கோலால் தொட்டுக் காட்டிய கிருஷ்ணையும் கோதாவரியும் நருமதையும் உயிருள்ள ஆறுகளாக அடியில் நெளிந்தன. முப்பது ஆண்டுகள் நடத்திய பாடத்தை அன்றுதான் நான் கற்றேன்.

பதினோராயிரம் மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே ஐம்பது பாகையைத் தாண்டும். உள்ளேயோ சட்டைக்கைகளை மடித்துவிட்டு அமர்ந்திருந்தோம். சிற்றுண்டியில் மட்டும் உப்புக் குறைவாகத் தோன்றியது. அதற்குரிய விடை மறுநாள் சமையற்கூடத்தில் கிடைத்தது. பறக்கும்போது ஊர்திக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ உதகமண்டலத்தின் உயரத்தில் இருப்பதைப் போன்ற அளவில் பேணப்படுகிறது. அழுத்தமும் ஈரப்பதமும் குறைவதால் நாவும் மூக்கும் சற்றே மந்தமாகின்றன. குறை உணவில் இல்லை. உண்டவனின் நாவில் இருந்தது. விரைந்து குறை சொல்லும் பழக்கத்திற்கு அது நல்ல மருந்தாக அமைந்தது.

திரைக்குப் பின்னால்

சமையற்கூடத்தில் சமைத்த உணவை உடனடியாகக் குளிரச் செய்து, ஊர்தியில் மீண்டும் சூடாக்கிப் பரிமாறுகின்றனர். தலைமை வானோடிக்கும் துணை வானோடிக்கும் வெவ்வேறு உணவுகளை வழங்குவது பல நிறுவனங்களின் வழக்கம் என்றனர். ஓர் உணவு கெட்டிருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் நோயுறக் கூடாது என்பதே காரணம்.

பராமரிப்புக் கூடத்தில் என்னைக் கவர்ந்தது பிரித்து வைக்கப்பட்டிருந்த பெரிய இயந்திரம் அன்று. சுவரில் இருந்த ஒரு பலகை. ஒவ்வொரு கருவியின் உருவமும் அதில் வரையப்பட்டிருந்தது. கருவியை எடுத்தால் அதன் வெற்றுருவம் கண்ணில் படும். பணி முடிந்த பின்னர் ஒரு திருப்புளி குறைந்தாலும், அது கிடைக்கும்வரை ஊர்தி வெளியே செல்லாது.

எங்களை அழைத்துச் சென்ற பொறியாளர் மதுரைப் பக்கத்துக்காரர். "ஐயா, இங்கே திறமைசாலி யார் தெரியுமா? 'நான் தவறு செய்துவிட்டேன்' என்று முதலில் வந்து சொல்பவன்தான்" என்றார். பின்னர் ஒரு நிகழ்வைக் கூறினார்.

எண்பத்து நான்கு மரையாணிகள்

1990ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள், இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவிற்கு ஒரு வானூர்தி புறப்பட்டது. வானில் எழுந்த சிறிது நேரத்தில் வானோடி அறையின் முன்கண்ணாடி ஒன்று பெயர்ந்து பறந்தது. தலைமை வானோடியின் உடல் பாதிக்குமேல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவருடைய கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை வானோடி சவுத்தாம்டன் நிலையத்தில் ஊர்தியைத் தரையிறக்கினார். அவ்வானோடி உட்பட ஊர்தியில் இருந்த 87 பேரும் உயிர் பிழைத்தனர்.

பறப்பதற்கு முதல்நாள் அக்கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. அதைப் பொருத்திய 90 மரையாணிகளில் 84 ஆணிகளின் விட்டம், தேவையான அளவைவிட ஏறத்தாழ 0.66 மில்லிமீட்டர் குறைவு. தேவையான ஆணி எது என்பதைப் பொருத்தியவர் உரிய ஆவணத்தில் சரிபார்க்கவில்லை. பழைய ஆணியோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியவற்றைத் தேர்ந்தெடுத்தார்.

"ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை ஐயா" என்றார் பொறியாளர். "அது வெளியே தெரிந்ததால் உலகம் பாடம் கற்றது. மறைத்திருந்தால்?"

விபத்துப் புலனாய்வின் நோக்கம் இனி விபத்து நிகழாமல் தடுப்பதே. எவர்மீதும் பழி சுமத்துவது அன்று என்பது பன்னாட்டு வான்போக்குவரத்து விதி. வானோடிகள் முதலியோர் தம் தவறுகளைத் தண்டனைக்கு அஞ்சாது அறிவிப்பதற்கென அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு முதல் ஓர் அமைப்பை நாசா நடத்திவருகிறது. பறத்தலைப் பாதுகாப்பானதாக ஆக்கியவற்றுள் எஃகைப் போலவே உண்மைக்கும் இடமுண்டு.

தாமதம்

திரும்பும் பயணம் இரண்டு மணிநேரம் தாமதமாயிற்று. "தொழில்நுட்பக் காரணம்" என்னும் இரு சொற்களைத் தவிரப் பயணிகளுக்கு வேறு எதுவும் சொல்லப்படவில்லை. பழுதைச் சரிசெய்ய எடுத்துக்கொண்ட நேரத்தை நான் குறைகூறவில்லை. மரையாணிகளின் கதையைக் கேட்டவன் அவ்வாறு கூற இயலாது. ஆனால், விருந்தினராகிய எங்களை மட்டும் தனி ஓய்வறைக்கு அழைத்துச் சென்று தேநீர் தந்தனர். கண்ணாடித் தடுப்பிற்கு அப்பால், கைக்குழந்தையுடன் ஒரு தாய் நின்றுகொண்டே இருந்தார். பயணச்சீட்டிற்குப் பணம் செலுத்தியவர் அவர்; செலுத்தாதவன் நான். கையில் இருந்த தேநீர் கசந்தது.

ஆற்றுப்படை காட்டும் நெறி

செஞ்சோற்றுக்கடன் நம் மரபில் பெருமைக்குரிய சொல். ஆயினும், உண்ட சோற்றுக்காக அறத்தின் எதிர்ப்பக்கம் நின்ற கர்ணனின் வாழ்வு அச்சொல்லின் துயரத்தையும் காட்டுகிறது. அப்படியெனில், விருந்துண்டவன் உண்மை பேசுவது எவ்வாறு?

விடை நம் இலக்கியத்திலேயே உள்ளது. வள்ளலிடம் பரிசில் பெற்றவர், பெறாதவரை அவ்வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படை. நன்னனைப் புகழ்ந்து பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், வள்ளலின் கொடையோடு நின்றுவிடவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் இடங்கள், வழுக்கும் பாறைகள் என வழியின் இடர்களையும் அது எச்சரிக்கிறது. கூத்தர் சுற்றத்துடன் அவ்வழியில் நடக்கப் போகிறவர்கள். புரவலனுக்கு நன்றியும், பின்வருவோருக்கு உண்மையும் ஒரே பாட்டில் இடம்பெற்றன.

மூக்குக்கண்ணாடி

சென்னையில் இறங்கி வாயிலைக் கடக்கும்போதுதான், இருக்கைப் பைக்குள் மூக்குக்கண்ணாடியை விட்டுவந்தது நினைவிற்கு வந்தது. ஓடினேன். அதற்குள் தூய்மைப் பணியாளர்கள் உள்ளே நுழைந்திருந்தனர். ஓர் அம்மையார் வாயிலுக்கே வந்து கண்ணாடியை நீட்டினார்.

"பைக்குள்ள கையை விட்டுப் பாத்தாத்தான் தெரியும் சார். நெறைய பேரு விட்டுட்டுப் போயிருவாங்க."

"எத்தனை ஆண்டுகளாக இந்தப் பணியில் இருக்கிறீர்கள், அம்மா?"

"பதினோரு வருசம். தெனமும் ஏறி எறங்குறேன். ஒருநாளும் பறந்ததில்ல" என்று சிரித்தவர், அடுத்த வரிசைக்கு விரைந்தார். அரைமணி நேரத்தில் அவ்வூர்தி மீண்டும் புறப்பட வேண்டும்.

இரண்டு நாள்களாக எங்களுக்குப் பல கதவுகளைத் திறந்து காட்டினார்கள். இக்கதவை எவரும் காட்டவில்லை. என் மறதி காட்டியது.

கட்டுரையின் முதல் தொடராக, 'இப்பயணத்தின் செலவை நிறுவனமே ஏற்றது' என எழுதினேன். ஆறுகளை எழுதினேன், கருவிப் பலகையை வியந்து எழுதினேன், தாமதத்தையும் தேநீரையும் எழுதினேன், அந்த அம்மையாரையும் எழுதினேன். கட்டுரை அச்சாயிற்று. நிறுவனத்திடமிருந்து மறு அழைப்பு இதுவரை வரவில்லை. பொறியாளர் மட்டும் ஒரு படி அனுப்பும்படி கேட்டிருந்தார்.

தெரிந்து தெளிவோம்

இணையத்தில் பணமோ பரிசோ இலவசப் பயணமோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்போர், அதனை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என இந்திய விளம்பரத் தரநிலைக் குழுமம் 2021ஆம் ஆண்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் அண்மையில் பார்த்த பரிந்துரைக் காணொலி ஒன்றில், பேசுபவர் பெற்ற பயனை வெளிப்படுத்தினாரா? வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரின் பேருந்துப் பணிமனை, அஞ்சலகம், பால் குளிரூட்டும் நிலையம் ஆகியவற்றுள் ஒன்றை நேரில் கண்டு, அங்கு எவரும் சுட்டிக்காட்டாத ஒருவரின் உழைப்பைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'நன்றியும் நேர்மையும் முரண்படுமா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.