இலைக்குள் ஓடும் நாடா: இரும்பு போய் செம்பு வந்த கதை



ஒளிச்சேர்க்கை பாடத்தில் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி என்று ஒரு படம் வரும். எல்லாரும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்வோம், எழுதிவிட்டு மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான். ஆனால் அந்தப் படத்தில் உள்ள ஒரு சின்னப் பெயருக்குப் பின்னால் 200 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஊர் தறி

ஆரணியில் தறியைப் பார்க்காதவர் யாரும் இல்லை. பாவு நீளமாக ஓடும். நாடா குறுக்கே போய்ப் போய் ஊடையைக் கொடுக்கும். நாடா நின்றால் புடவை நின்றது.

இலைக்குள்ளும் இப்படி ஒரு நாடா ஓடுகிறது. சூரிய ஒளி பட்டதும் ஒளித்தொகுதி 2, தண்ணீரைப் பிளந்து எலக்ட்ரானை எடுக்கிறது. அந்த எலக்ட்ரான் கை மாறிக் கை மாறி சைட்டோகுரோம் b6f என்ற புரதத் தொகுப்புக்கு வருகிறது. அங்கிருந்து ஒளித்தொகுதி 1-க்குப் போக வேண்டும். இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. நடுவில் எலக்ட்ரானைச் சுமந்து ஓடுகிற சிறிய புரதம்தான் பிளாஸ்டோசயனின். சுமார் 100 அமினோ அமிலங்கள், நடுவே ஒரே ஒரு செம்பு அணு. அவ்வளவுதான். ஜப்பானிய விஞ்ஞானி கட்டோ 1960-ல் குளோரெல்லா என்ற பாசியில் இதைக் கண்டுபிடித்தார். இதன் நிறம் நீலம். 'சயனோ' என்றால் கிரேக்க மொழியில் கருநீலம்.

ஒரே வேலைக்கு இரண்டு ஆள்

இப்போதுதான் கதை ஆரம்பம். பல பாசிகளில் இதே வேலையைச் செய்ய இன்னொரு புரதமும் உண்டு. பெயர் சைட்டோகுரோம் c6. அதன் நடுவில் இருப்பது இரும்பு. செம்பு கிடைத்தால் பாசி பிளாஸ்டோசயனினைச் செய்துகொள்ளும். செம்பு கிடைக்காவிட்டால் சைட்டோகுரோம் c6-ஐச் செய்துகொள்ளும். கிளாமிடோமோனாஸ் பாசியும், அசோலாவின் இலைக்குள் குடியிருக்கும் அனபீனாவின் இனத்தைச் சேர்ந்த நீலப்பசும்பாசிகளும் இப்படி மாற்றிக்கொள்ளக் கூடியவை.

இரண்டு புரதத்தின் உருவமும் சுத்தமாக வேறு வேறு. அண்ணன் தம்பி கிடையாது. ஆனால் வேலை ஒன்றே. ஏன் இரண்டு?

விடை கல்லில் இருக்கிறது

நம்ம மாவட்டத்திலேயே, திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கவுத்திமலை, வேடியப்பன் மலை இருக்கின்றன. அங்கே இரும்புத்தாது உண்டு. சேலம் கஞ்சமலையிலும் உண்டு. புடவை பார்டர் மாதிரி கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும் பாறை அது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டும். உலகம் முழுவதும் இப்படிப்பட்ட பட்டை இரும்புப் பாறைகள், பழங்காலக் கடலில் கரைந்திருந்த இரும்பு அடியில் படிந்து உண்டானவை.

அந்தக் காலத்துக் காற்றில் ஆக்சிஜன் கிடையாது. அதனால் கடல் தண்ணீரில் இரும்பு தாராளமாகக் கரைந்திருந்தது. செம்போ கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடந்தது. உயிர்கள் கையில் கிடைத்த இரும்பை வைத்துப் புரதம் செய்துகொண்டன. சைட்டோகுரோம் c6 அந்தக் காலத்துச் சொத்து. நாம் மூச்சு விடும்போது உடம்பில் வேலை செய்கிற சைட்டோகுரோம் c கூட அதற்குச் சொந்தக்காரர்தான்!

பிறகு நீலப்பசும்பாசிகள் தண்ணீரைப் பிளக்கக் கற்றுக்கொண்டன. ஆக்சிஜன் வெளியே வந்தது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றிலும் அது சேர ஆரம்பித்தது. இரும்பு துருப்பிடித்துக் கடலடியில் இறங்கியது. செம்பு மெல்ல மெல்லக் கரைந்து கிடைக்க ஆரம்பித்தது. இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது செம்பு வைத்த பிளாஸ்டோசயனின் கைகொடுத்தது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். தங்களுக்கு வேண்டிய இரும்பைத் தாங்களே விட்ட ஆக்சிஜனால் இழந்த உயிர்கள் அவை. ஆனாலும் அழிந்துபோகாமல் வேறு வழி கண்டுபிடித்தன.

தாத்தா சொன்னது

இதை வீட்டில் தாத்தாவிடம் சொன்னேன். அவர் பரணில் இருந்த பழைய நாடாவைக் காட்டி, "இதைத் தூக்கிப் போடச் சொல்லி உங்கப்பன் தினம் சொல்றான். நான் போட மாட்டேம்மா. புதுசு உடைஞ்சா இதுதானே ஆவும்?" என்றார்.

பாசி தாத்தா மாதிரி. பழசையும் வைத்துக்கொண்டது. ஆனால் நிலத்துச் செடிகள் அப்படி இல்லை. எலக்ட்ரான் சுமக்கும் பழைய நாடாவைக் கைவிட்டுவிட்டன. நெல்லுக்குப் பிளாஸ்டோசயனினை விட்டால் வேறு வழி இல்லை. அதனால்தான் துளியளவே வேண்டியிருந்தாலும் செம்புச் சத்து பயிருக்கு அவசியம்.

இன்னொரு இழப்பும் உண்டு. ஒளித்தொகுதி 1-க்கு அடுத்து எலக்ட்ரானை வாங்குவது ஃபெரிடாக்சின். அதில் இரும்பு உண்டு. இரும்பு குறைந்தால் நீலப்பசும்பாசி, ஃப்ளேவோடாக்சின் என்ற உலோகமே இல்லாத புரதத்தை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளும். செடிகள் அதையும் தொலைத்துவிட்டன. இரும்பு கிடைக்காத மண்ணில் பயிர் மஞ்சளாகித் தவிக்கும்போது அவற்றுக்குக் கைமாற்று இல்லை.

அர்ஜென்டினா விஞ்ஞானிகள் நீலப்பசும்பாசியின் ஃப்ளேவோடாக்சின் மரபணுவைப் புகையிலைச் செடிக்குள் வைத்துப் பார்த்தார்கள். 2006, 2007-ல் முடிவு வெளியானது. வறட்சி போன்ற கஷ்டத்தையும் இரும்புக் குறைவையும் அந்தச் செடிகள் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கின. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தொலைத்த சாமான் திரும்பக் கிடைத்ததும் செடி அதை உபயோகித்துக்கொண்டது!

நம் தமிழ்நாட்டில்

நீலப்பசும்பாசி ஆராய்ச்சியில் நமக்குப் பெருமை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1959-ல் எழுதிய 'சயனோஃபைட்டா' நூலை உலகம் முழுதும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்த முறை நெல் வயல் தண்ணீரில் மிதக்கும் பாசியைப் பார்த்தால் 'சீ, வழுக்கும்' என்று ஒதுங்கிப் போகாதீர்கள். நாம் சுவாசிக்கும் காற்றை முதலில் மாற்றியது அதன் முன்னோர்தான். பழசைத் தூக்கி எறியுமுன் ஒரு நிமிடம் யோசிக்கவும் அது சொல்லிக்கொடுக்கிறது.

ஒரு மதிப்பெண் வினாக்கள்

1. பிளாஸ்டோசயனினில் உள்ள உலோகம் எது?
2. செம்பு இல்லாதபோது கிளாமிடோமோனாஸ் எந்தப் புரதத்தைப் பயன்படுத்தும்?
3. உலோகமே இல்லாமல் ஃபெரிடாக்சின் வேலையைச் செய்வது எது?

விடைகள் மேலேயே இருக்கின்றன. தேடிப் படியுங்கள்!

– மேல்நிலை முதலாம் ஆண்டு, உயிரியல் பிரிவு மாணவி