ஃபிளெக்ஸ் கடையிலிருந்து இன்ஸ்டாகிராமுக்கு

கேள்வி: விருதுநகரில் ஃபிளெக்ஸ், பத்திரிகை, நோட்டீஸ் டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறேன். கோரல் டிரா, போட்டோஷாப் இரண்டும் கைக்குப் பழக்கம். பாமினியில் கண்ணை மூடிக்கொண்டு டைப் அடிப்பேன். எங்களிடம் பேனர் அடிக்கும் ஜவுளிக்கடை முதலாளி, "தம்பி, இனிமே இன்ஸ்டாகிராம் போஸ்ட், ரீல்ஸ் எல்லாத்தையும் நீயே பண்ணிக் குடுத்துரு" என்கிறார். கேன்வாவில் முயன்று பார்த்தேன். எல்லாரும் செய்வதைப் போலவே வருகிறது; தமிழைப் போட்டதும் டெம்ப்ளேட்டின் அழகும் போய்விடுகிறது. மாதச் சந்தா கட்ட வசதியில்லை. கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம்தான். எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது? புது ஐடியா எங்கே கிடைக்கும்? எவ்வளவு பணம் கேட்கலாம்?
- வாசகர், விருதுநகர்

பதில்: டெம்ப்ளேட் கெட்டுப்போவதற்குக் காரணம் நீங்கள் இல்லை. அதை வரைந்தவர் ஆங்கிலத்துக்காக வரைந்தார். நாலே நாலு பெரிய எழுத்தில் 'சேல்' என்று நின்ற கட்டத்துக்குள் 'ஆடித் தள்ளுபடி' என்று போட்டால் பிதுங்கத்தான் செய்யும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆகவே ஒரு சொல்லை எடுப்பாகக் காட்ட அளவு, தடிமன், நிறம் ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும். சொற்களும் வேற்றுமை உருபுகளைச் சேர்த்துக்கொண்டு நீள்கின்றன. மேலே புள்ளி, சுழி. கீழே ழு, ளு, து என்று இறங்கும் வால்கள். ஆங்கிலத்துக்கு எழுத்தளவில் 1.2 மடங்கு வரி இடைவெளி போதும் என்றால் தமிழுக்கு 1.4க்குக் குறையாமல் வையுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டு 'ஸ்டைலாக' அகட்டும் வித்தையை அறவே விட்டுவிடுங்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

அதனால் டெம்ப்ளேட்டைத் தேடுவதற்கு முன்னால் வாசகத்தை முடிவு செய்யுங்கள். அதை வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதிப் பாருங்கள். எங்கே வரி உடைகிறது, எந்தச் சொல் நீளம், எது சின்னது என்று தெரிந்த பிறகு மீதி இடத்தில் படம் உட்காரட்டும். கேன்வாக்காரர்கள் செய்வதற்கு நேர் எதிரான வழி இது. உங்கள் போஸ்ட் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுவதும் பெரும்பாலும் இந்த ஒரே மாற்றத்தால்தான் நடக்கும்.

அடுத்தது பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய ஏற்பாடு அது. அச்சோடு நிற்கும்வரை யாருக்கும் தெரியாது. ஆனால் அதே வாசகத்தை இன்ஸ்டாகிராம் கேப்ஷனிலோ யூடியூப் விவரத்திலோ ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். இனி யூனிகோடுதான். பழைய வாசகங்களை மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. விரல் பழக்கம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். பாமினி விசையமைப்பிலேயே யூனிகோடு அடிக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன.

யூனிகோடுக்கு வந்ததும் மென்பொருளின் குட்டு வெளிப்படும். யூனிகோடில் 'கொ' என்பதற்கு க-தான் முதலில் பதிவாகிறது, ஆனால் கொம்பு அதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது மென்பொருளுக்குள் இருக்கும் எழுத்து இயந்திரம். 2002இல் வந்த போட்டோஷாப் 7.0 நம்மூர்க் கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனிடம் யூனிகோடு தமிழைக் கொடுத்தால் கொம்பும் காலும் கலைந்து விழும். புதிய போட்டோஷாப்பில் டைப் அமைப்புகளுக்குள் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். எந்தப் புது மென்பொருளை இறக்கினாலும் முதல் வேலையாக 'கோழி, கொக்கு, பௌர்ணமி, ஸ்ரீ, லட்சுமி' என்று அடித்துப் பாருங்கள். ஐந்தும் ஒழுங்காக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கோரல் கை உங்களுடையது என்பதால் இங்க்ஸ்கேப்பைத்தான் சொல்வேன். இலவசம், வெக்டார், தமிழை ஒழுங்காக அடுக்கும், 8 ஜிபி ராமில் ஓடும். மெனுக்கள் வேறு இடத்தில் இருப்பதால் கொஞ்ச நாள் எரிச்சல் வரும். படங்களைத் திருத்த கிம்ப். 2025இல் வந்த 3.0 பதிப்பில் ஃபில்ட்டர்களைப் போட்ட பிறகும் பின்னால் போய் மாற்ற முடிகிறது. அஃபினிட்டியைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். கேன்வா நிறுவனம் 2024இல் அதை வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டது. நல்ல கருவிதான், ஆனால் இரண்டாம் பதிப்பு வரை தமிழை அடுக்குவதில் சறுக்கியது. அந்த ஐந்து சொல் சோதனையை வைத்துவிட்டு முடிவு செய்யுங்கள். கேன்வாவையும் தூக்கிப் போட வேண்டாம். முதலாளியின் மகளே விலையை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி ஒரு கோப்பைக் கொடுக்க அதைவிட வசதியானது இல்லை. ரீல்ஸ் வெட்ட கேடன்லைவ் அல்லது ஷாட்கட் போதும். எடிட்டருக்குள் தமிழ் டைட்டில் சொதப்பினால், இங்க்ஸ்கேப்பில் எழுத்தை அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி ஆக எடுத்து வீடியோ மேல் வையுங்கள்.

எழுத்துருவுக்குச் செலவே வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் இருப்பவை வணிக வேலைக்கும் இலவசம். தடித்த விளையாட்டுத் தலைப்புக்கு பாலு தம்பி. நிதானமான வாசகத்துக்கு முக்த மலர். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடித்த பவனமும் நல்ல தெளிவு. உங்களுக்கு மிகவும் உதவப்போவது அனெக் தமிழ். மும்பையின் எக் டைப் குழு செய்தது. அதில் தடிமனை மட்டுமல்ல, அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். நீளமான சொல்லைக் கட்டத்துக்குள் அடக்க, கோரலில் பக்கவாட்டில் பிடித்து அமுக்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. அப்படி அமுக்கினால் நிற்கும் கோடு மெலிந்து, படுத்த கோடு மட்டும் தடித்துத் தெரியும். அனெக்கின் குறுகிய வடிவம் ஒல்லியாகவே வரையப்பட்டது என்பதால் அந்தச் சங்கடம் இல்லை.

ஃபிளெக்ஸ் கண்ணைக் குறைவாக எண்ணாதீர்கள். ஓடும் பஸ்ஸிலிருந்து மூன்று விநாடியில் படிக்கும்படி பேனர் செய்தவருக்கு, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவரை நிறுத்தத் தெரியும். மஞ்சள் எழுத்தும் சிவப்பு அவுட்லைனும் அந்தத் தூரத்துக்காக வந்தவை. கைக்குள் இருக்கும் திரைக்கு அவை வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு இருந்தால் போதும். வலைத்தளங்களுக்கான சர்வதேச அளவுகோல் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்கிறது. அளக்க இலவசக் கருவிகள் உண்டு.

ஐடியா கேட்டீர்கள். பின்ட்ரஸ்டில் தேடினால் உலகம் முழுக்கத் தேடியவருக்குக் கிடைத்ததே உங்களுக்கும் கிடைக்கும். பக்கத்தில் சிவகாசி இருக்கிறது: பழைய தீப்பெட்டி லேபிள்கள், பட்டாசுப் பெட்டிகள், காலண்டர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் இடத்தில் ஒரு படம், ஒரு பெயர், இரண்டு மூன்று மை. போன் திரைக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. சென்னைப் பக்கம் போனால் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நோட்டீஸ்களைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு அடித்தளமான தொகுப்பைச் சேர்த்த முத்தையா தொழிலில் பெயர்ப்பலகை எழுதியவர், நம் ஆள். ஓவியர் ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகளையும் தேடிப் பாருங்கள்.

பார்க்கலாம், அப்படியே எடுக்கக் கூடாது. இந்தியச் சட்டப்படி ஓவியருக்குப் பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு மறைந்தது 1976இல். அவர் சாமி படங்களுக்கு 2036 முடியும்வரை காப்பு உண்டு. நடிகர் படத்தைக் கடை விளம்பரத்தில் போடுவதையும் நிறுத்துங்கள். ரஜினிகாந்த் தன் பெயரையும் சாயலையும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் 2015இல் தடை வாங்கியிருக்கிறார்.

ஆனால் சிறந்த ஐடியா அந்த ஜவுளிக்கடைக்குள்தான் இருக்கிறது. வாரம் ஒரு சேலைக் கரையை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் கிட்டப் போய்ப் படமெடுங்கள்: மயில்கண், ருத்ராட்சம், கோபுரக் கரை. கீழே அதன் பெயர், விலை, ஒரே வரி. நிறத்தை அந்தக் கரையிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துரு எப்போதும் ஒன்றுதான். ஆறேழு வாரம் போனால் கடையின் பெயரைப் பார்க்காமலேயே இது யாருடையது என்று தெரியும். ரீல்ஸுக்கு சேல்ஸ்மேன் சேலையை உதறி விரிக்கிற அந்த ஒரு வீச்சு போதும். ஏஐ படங்களைக் கேட்கிறவர்கள் உண்டு. பின்னணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், தமிழ் எழுத்தை அதனிடம் ஒப்படைக்காதீர்கள், சேலையையும்தான். கடையில் இல்லாத சேலையைக் காட்டிவிட்டு, அதைக் கேட்டு வருகிற அக்காவிடம் பதில் சொல்லப்போவது நீங்கள் இல்லை, முதலாளி.

அளவுகள்: போஸ்ட் 1080க்கு 1350 பிக்சல், ரீல்ஸ் 1080க்கு 1920, யூடியூப் தம்ப்நெயில் 1280க்கு 720. ரீல்ஸில் அடிப்பக்கமும் வலது ஓரமும் பட்டன்களுக்குப் போய்விடும். தம்ப்நெயிலில் கீழே வலது மூலையில் நேரம் உட்காரும். கோப்பு ஆர்ஜிபியில் இருக்கட்டும். சிஎம்ஒய்கேயிலேயே ஜேபிஜி எடுத்து ஏற்றினால் சிவப்பு எந்தச் சிவப்பாக வருமென்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் முதலாளிக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் நசுங்கிப் போகும்.

பணம். சதுர அடிக் கணக்கை மறந்துவிடுங்கள். திரைக்குச் சதுர அடி கிடையாது. மாதத்துக்கு இத்தனை போஸ்ட், இத்தனை ரீல்ஸ் என்று ஒரு தொகை பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டிசைனுக்கு இரண்டு கரெக்‌ஷன், அதற்குமேல் தனிக் காசு என்பதை எழுதியே கொடுங்கள். படமெடுக்கக் கடைக்குப் போகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தீபாவளி மாதத்துக்கு மட்டும் தனி ரேட் என்று ஆடியிலேயே பேசிவிடுங்கள்.