புதுச்சேரியில் ஓடப் பழகுவோம்: கடற்கரைச் சாலை முதல் செம்மண் பாதை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஓடத் தொடங்க நினைக்கும் ஒருவருக்குப் புதுச்சேரியைப் போல வசதியான கடலோர ஊர் நம் பக்கத்தில் குறைவு. நீள்வட்டமான பழைய நகரம், நேர்கோட்டு வீதிகள், காலை ஏழரை வரை வண்டி நுழையாத ஒரு கடற்கரைச் சாலை என்று எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் உற்சாகமாகத் தொடங்கும் பலர் இரண்டே வாரத்தில் முழங்கால் வலியோடு நின்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் உடல் பலவீனம் இல்லை. பழகாத காலோடு தப்பான தரையில், தப்பான நேரத்தில், தேவைக்கு மேல் வேகமாக ஓடியதுதான். இந்த மூன்றையும் சரிசெய்துகொண்டால் நாற்பது வயதிலும் தாராளமாக ஓடத் தொடங்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

முதல் படி: நேரத்தைப் பிடியுங்கள்

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. இந்த ஊர் ஓடுபவருக்குத் தந்திருக்கும் மிகப் பெரிய சலுகை இதுதான். மாலையில் சுற்றுலாக் கூட்டம் நெருக்கும், குழந்தைகள் குறுக்கே ஓடுவார்கள். அதனால் காலைதான் நமக்கு ஏற்றது. ஜூன் தொடக்கத்தில் ஐந்தே முக்காலுக்கே சூரியன் வந்துவிடும். தை மாதத்தில் ஆறரை ஆகும். அக்னி நட்சத்திர நாட்களில் விடிவதற்கு அரை மணி முன்பே ஓட்டத்தைத் தொடங்கிவிடுவது நல்லது.

கடலோரத்தில் வெயிலைவிடப் புழுக்கம்தான் அதிகம் படுத்தும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும். உடல் சூடு தணியாது. கோயம்புத்தூரில் சுலபமாக ஓடிய அதே வேகம் இங்கே மூச்சு வாங்க வைக்கும். அதற்காக மனம் தளர வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை வேகக் கணக்கைப் பார்க்காமல், எவ்வளவு நேரம் ஓடினோம் என்பதை மட்டும் பாருங்கள்.

இரண்டாம் படி: ஷூவும் தண்ணீரும்

விலை உயர்ந்த ஷூ தேவையில்லை. ஓடுவதற்கென்று செய்த ஷூவாக இருந்தால் போதும். நாள் முழுக்க நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் போய் வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டிருக்க வேண்டும். மணலில் ஓடிய ஷூவை அன்றே தட்டி, உள்தளத்தைக் கழற்றி நிழலில் உலர்த்துங்கள். உப்பும் ஈரமும் சேர்ந்தால் சீக்கிரம் நாறி, ஒட்டும் விட்டுவிடும்.

கிளம்புமுன் ஒரு தம்ளர் தண்ணீர். அரை மணி ஓட்டத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. முடித்தபின் உப்புப் போட்ட நீர்மோர் குடித்தால் வியர்வையில் போனது திரும்பிவிடும்.

மூன்றாம் படி: கடற்கரைச் சாலையில் எட்டு வாரம்

வடக்கே தலைமைச் செயலகப் பக்கத்திலிருந்து தெற்கே டூப்ளே சிலை வரை இந்தச் சாலை ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர். ஒருமுறை போய் வந்தால் மூன்று கிலோமீட்டர். நடுவில், செஞ்சியிலிருந்து வந்த கருங்கல் தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலையும், 1836இல் விளக்கேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. அளவுக்கு வேறு கருவி வேண்டியதில்லை. சிலையிலிருந்து சிலைக்கு என்று எண்ணிக்கொள்ளலாம்.

முதல் எட்டு வாரமும் இந்த ஒரே சாலையில் ஓடுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. தரை சமதளம், எங்கே நின்றாலும் ஆள் நடமாட்டம் உண்டு, களைத்தால் உட்கார இடம் உண்டு. தனியாக வரும் பெண்களுக்கும் ஊரிலேயே மனநிம்மதியான தடம் இதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடலை ஒட்டிய நடைபாதை அலைத் தூறலில் நனைந்து வழுக்கும், நடப்பவர்களும் அங்கேதான் இருப்பார்கள். வண்டி வராத நேரத்தில் தார்ச்சாலையிலேயே ஓடுங்கள்.

வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றி ஒருமுறை போய் வாருங்கள். அடுத்த இரண்டு வாரம் இரண்டுக்கு இரண்டு. ஐந்தாம் வாரத்திலிருந்து நடையை ஒரு நிமிடமாகக் குறைத்து, ஓட்டத்தை மூன்று, நான்கு, ஐந்து நிமிடம் என்று நீட்டுங்கள். எட்டாம் வாரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிற்காமல் ஓட முடியும். சிலருக்குப் பத்து வாரம் ஆகும், அதனால் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சாலை வடக்கு தெற்காகக் கிடப்பதால் காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வீசும். முதலில் வடக்கே போய் எதிர்க்காற்றைச் சமாளித்துவிட்டால், களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக் கொடுக்கும்.

நான்காம் படி: புல்வார்டைச் சுற்றி வாருங்கள்

மூன்று கிலோமீட்டர் சுலபமாகிவிட்ட பிறகு நகரைச் சுற்றலாம். கடற்கரைச் சாலை, சுப்பையா சாலை, அண்ணா சாலை, எஸ்.வி.படேல் சாலை ஆகிய நான்கும் சேர்ந்து பழைய நகரை வளைத்து நிற்கின்றன. இந்த வளையம்தான் புல்வார்டு. முழுச் சுற்று ஐந்து முதல் ஆறு கிலோமீட்டர் வரும்.

எந்தத் திசையில் சுற்றுகிறோம் என்பது இங்கே முக்கியம். காந்தி சிலையிலிருந்து தெற்கே இறங்கி, சுப்பையா சாலையில் ரயில் நிலையத்தைத் தாண்டி, அண்ணா சாலையில் வடக்கே ஏறி, படேல் சாலை வழியாகக் கடலுக்குத் திரும்புங்கள், அதாவது கடிகாரம் சுற்றும் திசையில். நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போவதால், வலது ஓரமாக ஓடினால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும். இந்தத் திசையில் வலது ஓரம் என்பது நகரத்தின் உள்விளிம்பு. பேருந்து நிலையத்துக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பிரியும் பெரிய சாலைகளைக் குறுக்கே கடக்க வேண்டிய தொல்லை பெரும்பாலும் இருக்காது. ஒருவழிப் பாதை ஏற்பாடுகள் அவ்வப்போது மாறும். ஆகவே முதல்முறை நடந்தே சுற்றிப் பாருங்கள். ஆறரைக்குள் அண்ணா சாலையைக் கடந்துவிடுவது நல்லது.

சுற்ற மனமில்லாத நாளில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வீதிகளுக்குள் புகுந்துவிடலாம். 1690களில் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது வகுத்த கட்டம் கட்டமான அமைப்பு அது. டூமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி என்று மேலும் கீழுமாக ஓடினாலும் வழி தவறாது. கிழக்கே திரும்பினால் கடல் வந்துவிடும். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடுகிற காலைத்தான் அது துரத்துகிறது.

ஐந்தாம் படி: மணலுக்கு மெதுவாக வாருங்கள்

கடலோர ஊரில் ஓடுவதென்றால் மணலில்தான் ஓட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உதிரி மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். ஆடுசதையும் குதிகால் தசைநாரும் இறுகிப்போகும். அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் நெடுந்தூரம் போனால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும், முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கும். போன தூரமே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகும். வாரத்தில் ஒருநாள், பத்து நிமிடம் போதும்.

நகரின் முன்னால் அதற்கான மணல் அதிகம் கிடையாது. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் 1980களின் இறுதியில் எழும்பியபின் அந்த நகர்வு தடைப்பட்டது. தெற்கே மணல் சேர, வடக்கே கரை அரிக்கப்பட்டது. இன்று நாம் பார்க்கும் கருங்கல் குவியல் அப்படித்தான் வந்தது. தலைமைச் செயலகத்தின் முன்னால் மணலை மீட்கக் கடலுக்குள் ஒரு செயற்கைத் தடுப்பும் போட்டிருக்கிறார்கள். விரிந்த மணல் வேண்டுமென்றால் தெற்கே வீராம்பட்டினத்துக்குப் போக வேண்டும்.

வீராம்பட்டினமும், வடக்கே வைத்திக்குப்பமும் குருசுக்குப்பமும் மீனவர்களின் ஊர்கள். காலை ஆறு மணி அவர்களுக்கு வேலை நேரம். படகிலிருந்து முளைக்குச் செல்லும் கயிறு பாதி மணலில் புதைந்தும் பாதி கணுக்கால் உயரத்தில் விறைத்தும் கிடக்கும். அரை வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. விரித்து வைத்த வலையை மிதிக்காதீர்கள். ஒரு முடிச்சு அறுந்தாலும் உட்கார்ந்து தைக்க வேண்டியவர் அந்த மீனவர்தான். "அண்ணே, இந்தப் பக்கமா போலாமா?" என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலும், ஆடித் தேர் நாளில் வீராம்பட்டினத்திலும் கூட்டம் அலைமோதும். அந்த நாட்களில் அங்கே ஓட நினைக்க வேண்டாம்.

ஆறாம் படி: செம்மண் பாதை

ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதைகள் காலுக்கு மிக இதமானவை. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அரித்துப்போன பொட்டல் மேடாக இருந்த நிலம் அது. மரம் நட்டு நட்டு இன்று நிழல் கவிந்த காடாகிவிட்டது. ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடப் பழகியவர்கள் ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்துக்கு அங்கே போகலாம். வேர்கள் தடுக்கும், மழை பெய்த மறுநாள் ஷூவில் சேறு அப்பும். குடியிருப்புகளுக்குள் நுழையாமல் பொதுப்பாதையிலேயே ஓடுங்கள். பிப்ரவரியில் அங்கே நடக்கும் மாரத்தானில் பரிசு கிடையாது, யாரையும் முந்த வேண்டிய அவசியமும் கிடையாது. முதன்முதலாகப் பத்து கிலோமீட்டர் ஓட நினைப்பவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எப்போது ஓடக் கூடாது

சதை முழுவதும் பரவலாக வலித்தால் ஒருநாள் ஓய்வில் சரியாகும். முழங்கால் எலும்பில் விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தால், வலி போகும்வரை நடை மட்டும் போதும். தலைசுற்றல், குளிர் நடுக்கம், நெஞ்சில் இறுக்கம் வந்தால் அந்த இடத்திலேயே நின்று உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கடற்கரைக்குக் கிளம்பாதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்த ஊருக்கு அருகேதான் கரை கடந்து நகரை மூழ்கடித்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் கருங்கல் சுவரின் பக்கமே போக வேண்டாம். அன்று வீட்டு மாடிப்படியில் பத்து நிமிடம் ஏறி இறங்குங்கள், பயிற்சி விட்டுப்போகாது. மறுநாள் வானம் தெளிந்ததும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஓட வாருங்கள். ஏழரைக்கு வண்டிகள் வந்துவிடும், ஆறு மணிக்குள் காந்தி சிலையடியில் இருங்கள்.